கவர்னர் வருகிறது

பிள்ளைகளா, போன வாரம் இஞ்சின் அறையில் நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த இரும்புக்கு ஏம்ப்பா கவர்னர்னு பேரு?" என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல ஆரம்பித்தால் என் அக்கா, பெரியப்பா, எங்கள் வாத்தியார் எல்லாரும் வரிசையாக வந்து நிற்பார்கள். அதனால் எழுதியே தருகிறேன். என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், எங்கள் ஊரில் நடந்தது இதுதானா என்று கேட்பார்கள். இதுதான்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பிழையைத் திருத்தப் போய்த்தான் இவ்வளவும் நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு திருத்துங்கள்.

முதலில் அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆயில் இஞ்சினில் தண்ணீரை இறைப்பது பம்பு. பம்பைச் சுற்றுவது பெல்ட்டு. பெல்ட்டை இழுப்பது பெரிய சக்கரம். சக்கரத்துக்குத் தெம்பு கொடுப்பது குரூடாயில் என்கிற எண்ணெய். இவர்கள் நாலு பேரும் உழைக்கிறபோது கவர்னர் என்கிற சாமான் எதையும் இழுக்காது, எதையும் தூக்காது. வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும். ராட்டினம் வேகம் எடுத்தால் உங்கள் கால் வெளிப்பக்கமாகப் பறக்கிறதல்லவா, அதே மாதிரி இஞ்சின் வேகம் கூடினால் குண்டுகள் விரியும். விரிந்ததும் ஒரு கம்பியை இழுத்து எண்ணெயைக் குறைத்துவிடும். வேகம் குறைந்தால் குண்டுகள் சுருங்கும், எண்ணெய் கூடும். கட்டி ஆள்கிற சாமான் என்பதால் வெள்ளைக்காரன் அதற்குக் கவர்னர் என்று பேர் வைத்தான். மெட்ராஸ் ராஜதானியை ஆண்ட பெரிய துரைக்கும் அப்போது அதே பேர். எங்கள் ஊருக்குத் தெரிந்த கவர்னர் அந்தத் துரை மட்டும்தான். இரும்புச் சாமானை நாங்கள் "குண்டு" என்போம். இஞ்சினை மாட்டிக்கொடுத்த மதுரை ஃபிட்டரும் எங்களிடம் பேசும்போது குண்டு என்றுதான் சொன்னார்.

எங்கள் ஊர் மயிலாடும்பாறைக்குப் போகிற வழியில் இருந்தது. கம்பம், சின்னமனூர்ப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்கால் நிறையப் போகும். எங்கள் பக்கத்தில் மேகமலை மேல் மேகம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். வாய்க்கால் வெட்டித் தரச் சொல்லி ஊரே கைநாட்டு வைத்து மனுப் போட்டிருந்தது. பதில் வரவில்லை. அதனால் அப்பா கிணற்றில் கமலை இறைத்த மாட்டை விற்று, இருந்ததை எல்லாம் போட்டு, ஒரு பழைய இஞ்சின் வாங்கினார். அந்த வருஷம் ரெண்டு ஏக்கரில் சின்ன வெங்காயம் வைத்தார். கிணறு ஒரு பக்கம், வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் வெங்காயத்தில் பெரும்பாதி. பாதையைக் குறுக்கே வெட்டித்தான் வாய்க்கால் போகும்.

அந்த வெட்டுத்தான் சண்டைக்குக் காரணம். என் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், ஊருக்குக் கிராம முன்சீப். அவருடைய வில்வண்டி தினமும் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறும். ஒரு நாள் தலைப்பாகை வண்டிக்குள்ளும் பெரியப்பா வெளியேயுமாக விழுந்தார். அன்றைக்கிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை.

வெங்காயம் திரள்கிற சமயம் பார்த்து இஞ்சின் மக்கர் பண்ணியது. நானும் அங்கே இருந்தேன். டுப்பு டுப்பு என்று நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று வெறி பிடித்த மாதிரிக் கத்தியது. தரை நடுங்கியது. சுவரில் மாட்டியிருந்த லாந்தர் தானாக ஆடியது. அப்பா பாய்ந்து எண்ணெயை அடைத்தார். பார்த்தால் குண்டு ஒன்று முறிந்து தொங்குகிறது.

ஃபிட்டர் வந்து பார்த்தார். "மதுரையில கிடைக்குதான்னு பாக்குறேன். ஜெர்மன் சண்டைக் காலம், சாமானே வர்றதில்ல. கிடைச்சா கார்டு போடுறேன். அதுவரைக்கும் இஞ்சினத் தொடாதீக," என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை பஸ் ஏறினார்.

மூன்று நாள் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகி மடங்க ஆரம்பித்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்து ஒரு தாளைக் கிள்ளினார். எழுந்து நேராக இஞ்சின் அறைக்குள் போனார். எண்ணெய்க் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கோடையில் கிணற்றுத் தண்ணீர் இறங்கிவிடும். குழாய் தண்ணீரோடு காற்றையும் உறிஞ்சும். காற்று வந்தால் பம்புக்குப் பாரம் இல்லை. பாரம் இல்லை என்றால் இஞ்சின் பறக்கும். அதைப் பார்த்து அப்பா கம்பியை இழுப்பதற்குள் ஒரு குதி குதித்துவிடும். இரண்டாவது குதியில் பெல்ட்டு கழன்று அப்பாவின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் விழுந்தது.

அக்கா கஞ்சிச் சட்டியோடு வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கு அப்போது பதிமூன்று வயது. இஞ்சின் அறைக்குள் பொம்பளைப் பிள்ளை வரக்கூடாது என்பது ஃபிட்டர் போட்ட சட்டம். வந்தால் இஞ்சினுக்கு ஆகாதாம்.

"அப்பா, அது கத்துறதுக்கு முந்திச் சொல்லுது," என்றாள்.

"எது?"

"குழாய்தான். டம்ளர்ல கடைசி மோரை உறிஞ்சுற மாதிரி ஒரு சத்தம். அப்பவே கொறைச்சிரணும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கல ஆத்தா."

"நீங்க இஞ்சினக் கேக்குறீக. நான் கெணத்தக் கேக்குறேன்."

அப்பா பெல்ட்டை மாட்டி மறுபடி ஓட்டினார். அக்கா வாசலில் நின்றபடி, "கொறைங்க" என்றாள். அப்பா குறைத்தார். இஞ்சின் குதிக்கவில்லை. "கூட்டுங்க" என்றாள். கூட்டினார். நாலைந்து தரம் இப்படி ஆனது. பிறகு அப்பா வெளியே வந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். "சடையைக் கொண்டையாப் போடு. தாவணியை இழுத்துச் செருகு. சக்கரத்துக்கு மூணடி தள்ளி உக்காரு," என்று சொல்லிக் கம்பியை அவள் கையில் கொடுத்தார்.

அம்மா கேள்விப்பட்டு ஓடி வந்தாள். "பிள்ளையக் கொண்டுபோய் அதுகிட்ட உக்கார வச்சிருக்கீகளே, புத்தி இருக்கா?" என்று கேட்டாள். அப்பா தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைக் காட்டினார். அம்மா வாய்க்காலைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், அக்காவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அவள் தாவணி முந்தியைப் பிடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை வரை மூன்று நாளும் இப்படித்தான் இஞ்சின் ஓடியது. அக்கா கம்பியைப் பிடித்திருப்பாள், அம்மா அக்காவைப் பிடித்திருப்பாள். கிணற்றுப் பக்கத்து வெங்காயம் நிமிர்ந்தது. பாதைக்கு அந்தப் பக்கத்துக்குப் புதன்கிழமை முறை.

இதற்கு நடுவில் திங்கட்கிழமை ஃபிட்டரின் கார்டு வந்துவிட்டது. ஆனால் எங்களிடம் வரவில்லை. தபால்காரர் ஊர்த் தபால் முழுவதையும் முன்சீப் வீட்டில் போட்டுவிட்டுப் போவார். கார்டில் எழுதியதை வழியில் இருப்பவர்கள் படிப்பது தப்பு என்று யாரும் நினைக்காத காலம். பெரியப்பா படித்தார். படித்துவிட்டு நேராக எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"வாத்தியாரே, ஒரு இலக்கணச் சந்தேகம்."

"சொல்லுங்க."

"கவர்னர் வருகிறது. இது சரியா?"

வாத்தியார் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார். எங்கள் பக்கம் திரும்பினார். "கவர்னர் என்ன திணை?"

"உயர்திணை," என்று கத்தினோம்.

"வருகிறது?"

"அஃறிணை."

"அப்ப?"

"தப்பு ஐயா."

"கவர்னர் வருகிறார்னு இருக்கணும். எவனோ படிக்காதவன் எழுதியிருக்கான்," என்றார் வாத்தியார். பெரியப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டு, கார்டிலேயே திருத்தினார். பிறகு முழுவதையும் உரக்கப் படித்தார். "கவர்னர் வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறார். வண்டி அனுப்பவும். வழியில் ஆட்டம் அசைவு கூடாது. வந்ததும் தண்ணீர் பாயும்."

வாத்தியார் மெதுவாக, "அந்தக் கடைசி வரிய இன்னொரு தரம் படிங்க," என்றார்.

"வந்ததும் தண்ணீர் பாயும்."

"மனுவுக்குப் பதில் வந்திருச்சா?"

"வந்திருச்சுன்னுதான் நெனக்கிறேன்."

"கவர்னர் பஸ்லயா வருவாக?"

"பெட்ரோலுக்குத்தான் கட்டுப்பாடு போட்டிருக்கே. பஸ்ஸே கரியில ஓடுது. துரைமாரும் இப்பச் சிக்கனமாத்தான் இருக்காக," என்றார் பெரியப்பா.

கார்டு யாருக்கு வந்தது என்று அவர் சொல்லவில்லை. எழுதியவர் பேர் இல்லாமல், அதில் அப்பாவின் பேர் மட்டும் இருந்ததுதான் அவருக்கு உறுத்தல். மதுரையில் யாரோ பெரிய ஆளைப் பிடித்து, தன்னைத் தாண்டித் தம்பி கவர்னரையே வரவழைக்கிறான் என்று நினைத்துவிட்டார். வரவேற்பைத் தான் முந்திக்கொண்டு நடத்திவிட்டால் பேர் தனக்கு என்று கணக்குப் போட்டார்.

நான் வீட்டுக்கு ஓடிவந்து, "கவர்னர் வர்றாகளாம்," என்றேன்.

அப்பா நிமிரவே இல்லை. "வரட்டும். எனக்குக் குண்டு வரணும்," என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரியப்பா ஆள் விட்டு வண்டிப்பாதையைச் செம்மண் போட்டு நிரவினார். ஆட்டம் அசைவு கூடாது என்று கார்டில் இருக்கிறதே. எங்கள் வாய்க்கால் வெட்டையும் மூடி, மேலே மணல் தூவி, கோலம் போடுகிற அளவுக்கு மட்டமாக்கிவிட்டார். எங்களுக்குத் தெரியாது. புதன்கிழமை காலையில் அக்கா இஞ்சினை ஓட்டினாள். தண்ணீர் பாதை வரைக்கும் போய் நின்றது, மேலே ஏறிப் புதுச் செம்மண்ணில் பரவியது. கொஞ்ச நேரத்தில் ரோடு அல்வா மாதிரி ஆகிவிட்டது.

பெரியப்பா ஓடி வந்தார். அப்பாவும் ஓடி வந்தார். இருவருக்கும் நடுவில் ஆறடி. நடுவில் நான். பேசாதவர்கள் ஆச்சே, என் மூலமாகத்தான் பேசினார்கள்.

"ஏலே, ஒங்க அப்பன்ட்டச் சொல்லு. நாளைச் சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி ரோட்டுக்கு வரக்கூடாது."

"ஒங்க பெரியப்பாட்டக் கேளு, அந்தப் பக்கத்து வெங்காயம் ஒம்பது நாளாக் காயுது. அதுக்கு அவுக வாயிலயா தண்ணி வச்சிருக்காகன்னு."

"கவர்னர் பெருசா, வெங்காயம் பெருசான்னு கேளு."

"கவர்னர் வெங்காயம் திங்க மாட்டாகளான்னு கேளு."

"வரவழைச்சவனே இப்படிப் பேசினா எப்படின்னு கேளு."

நான் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் அப்பா என் பக்கம் திரும்பினார். "நான் யாரலே வரவழைச்சேன்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்.

சர்க்கார் காரியம் என்று பெரியப்பா சொன்ன பிறகு அப்பாவுக்கு வழியில்லை. இஞ்சினை நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்து வெங்காயத்தைப் போய்ப் பார்த்தார். தாள் தரையில் படுத்திருந்தது. "நாளைச் சாயங்காலம் ரோட்டத் தொறந்தா பாதியாவது தேறும். அதுக்கு மேல ஒரு நாள் போச்சுன்னா ஆட்ட விட்டு மேய்க்க வேண்டியதுதான்," என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கொல்லைக்குப் போனாள். அங்கே நின்ற இரண்டு வாழைக்குச் சோற்றுப்பானைத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினாள். கையில் இருந்த தண்ணீரை எங்கேயாவது ஊற்ற வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

வியாழக்கிழமை மத்தியானம் பஸ் நிற்கிற புளியமரத்தடியில் ஊரே கூடிவிட்டது. வாழைமரம், மாவிலைத் தோரணம், நாயனம், தவில். நாங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்ணெய் வழியத் தலை வாரி இரண்டு வரிசையாக நின்றோம். வில்வண்டியில் பெரியப்பா வீட்டு மெத்தையை விரித்திருந்தார்கள். பெரியப்பா ரோஜா மாலையோடு முன்னால். அப்பாவும் வந்திருந்தார், கையில் மம்பட்டியோடு. கவர்னர் வண்டி தாண்டிய நிமிஷமே ரோட்டை வெட்டுவதற்கு.

கரி பஸ் இருமிக்கொண்டே வந்து நின்றது. பின்னால் இருந்த அடுப்பிலிருந்து வந்த புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் நாயனக்காரர் ஆரம்பித்துவிட்டார். புகைக்குள்ளிருந்து கோழிக்கூடையோடு ஒரு பாட்டி இறங்கினாள், மேளத்தைக் கேட்டுப் பயந்து மறுபடி ஏறினாள். அடுத்து மார்போடு ஒரு சாக்கு மூட்டையை அணைத்துக்கொண்டு எங்கள் ஃபிட்டர் இறங்கினார். பெரியப்பா அவருடைய தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"பின்னாடி வர்றாகளா?"

"யாரு?"

"கவர்னர்."

"கவர்னர் இந்தா, எங்கிட்ட இருக்கு," என்று ஃபிட்டர் மூட்டையைத் தட்டினார். "மதுரையில இருந்து மடிய விட்டு இறக்கல. கார்டு போட்டேனே, கிடைச்சதா?"

மேளம் நின்றது. ஃபிட்டர் சாக்கைப் பிரித்தார். கிரீஸ் வாடை. உள்ளே இரண்டு இரும்புக் குண்டு.

"இதுவா கவர்னர்?" என்றார் பெரியப்பா.

"மதுரைக் கடையில இதுக்கு அதான் பேரு. கார்டு எழுதுறப்ப ரெண்டு நாளாக் கடையிலயே கெடந்தேன், அந்தப் பேச்சு ஒட்டிக்கிருச்சு."

வாத்தியார் குனிந்து குண்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அஃறிணை," என்றார் மெதுவாக. "அப்ப அவன் எழுதினது சரிதான்."

முதலில் சிரித்தது நாயனக்காரர். பிறகு ஊரே சிரித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. மாலை அவர் கையில் தொங்கியது. கூட்டத்தில் ஒரு பெரியவர் மட்டும், "அப்ப நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வராதா?" என்று கேட்டார். சிரிப்பு சட்டென்று அடங்கிவிட்டது. அந்தக் கேள்வியை இத்தனை வயதில் நினைத்தாலும் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும். அந்த மூன்று நாளும் ஊரே சந்தோஷமாக இருந்தது கவர்னருக்காக இல்லை, கார்டின் கடைசி வரிக்காக என்று சின்னப் பையனான எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பா மாலையை வண்டிமாட்டின் கழுத்தில் போட்டார். பிறகு ஃபிட்டரைப் பார்த்து, "மெத்தையில ஏறி உக்காருய்யா. ஆட்டம் அசைவு கூடாதுன்னு எழுதியிருந்தேல்ல," என்றார். ஃபிட்டர் மூட்டையோடு ஏறினார். பெரியப்பாவே வண்டி ஓட்டினார். வந்த மேளம் சும்மா போவானேன் என்று நாயனக்காரர் மறுபடி ஆரம்பிக்க, இரும்புக் குண்டு இரண்டும் வாத்தியத்தோடு ஊருக்குள் வந்தன. நாங்கள் பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஓடினோம்.

மூடிய வாய்க்கால் வந்ததும் வண்டி நின்றது. பெரியப்பா கீழே இறங்கினார். அப்பாவுக்கு நேராக வந்து கையை நீட்டினார். என்னைத் தேடவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"மம்பட்டியக் குடு. எம்புட்டு ஆழம் வேணும்?"

அப்பா மம்பட்டியைக் கொடுத்தார். "முழங்கால் ஆழம்ண்ணே," என்றார்.

பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் போட்ட செம்மண்ணை அவரே வெட்டி எறிந்தார். "வண்டி எப்படித் தாண்டும்?" என்று அப்பா கேட்டதற்கு, "ரெண்டு பனந்துண்டப் போடு. மொதல்லயே போட்டிருக்கலாம், ரெண்டு பேருக்கும் வாய் இருந்திருந்தா," என்றார்.

ஃபிட்டர் புதுக் கவர்னரை மாட்ட ஒரு மணி நேரம் பிடித்தது. இஞ்சின் ஓடியது. தண்ணீர் பாதையைத் தாண்டி, பனந்துண்டுக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கத்துப் பாத்தியில் பாய்ந்தது. காய்ந்த மண் தண்ணீர் குடிக்கும்போது வருகிற சத்தம் உங்களுக்குத் தெரியும். அப்பா ஒவ்வொரு பாத்தியாகத் திருப்பிவிட்டுக்கொண்டே போனார். பெரியப்பா வரப்பில் உட்கார்ந்து, "இங்கன ஒடையுது பாரு, அங்கன போடு மண்ண," என்று வேலை ஏவினார். முக்கால்வாசி வெங்காயம் தேறிவிட்டது.

அக்காவை எல்லாரும் மறந்துவிட்டோம். அவள் பிடித்திருந்த கம்பியை ஃபிட்டர் கவர்னரோடு சேர்த்து முடுக்கிவிட்டு, "பொம்பளப்பிள்ளைக்கு இங்கன இனி என்ன வேலை?" என்று வாசலுக்கு அனுப்பிவிட்டார். அப்பாவும் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். நாலு நாள் அந்த இஞ்சினைக் கட்டி ஆண்டவள் அவள்தான் என்று அன்றைக்கு ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் வாசலிலேயே நின்று, சுற்றுகிற குண்டுகளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று விரலை உயர்த்தினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துத்தான் இஞ்சின் லேசாகத் துள்ளியது, குண்டுகள் விரிந்தன, வேகம் அடங்கியது.

அக்கா விரலை இறக்கினாள்.

"நல்லாத்தான் வேலை பாக்குது," என்றாள். "ஆனா கொஞ்சம் லேட்டு."